ஜாக்கோவின் நிழலும் உங்கள் பாஸும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாஸ் கிட்டார் வாசிக்கும் பலருக்கும் ஒரு கட்டத்தில் ஒரே ஒரு கலைஞர் காதை முழுசாகப் பிடித்துக்கொள்வார். ஃபிரெட்லெஸ் (கழுத்தில் ஃபிரெட் எனும் உலோகக் கம்பிகள் இல்லாத பாஸ்) வாசிப்பவர்களுக்கு அவர் பெரும்பாலும் ஜாக்கோ பாஸ்டோரியஸ். சிலருக்கு ஜேம்ஸ் ஜேமர்சன், சிலருக்கு மார்கஸ் மில்லர். கீழே உள்ள பதில்கள் ஜாக்கோவை வைத்துப் பேசுகின்றன. அந்த இடத்தில் உங்களை ஆட்டிவைக்கும் பெயரைப் போட்டுக்கொண்டாலும் வேலை இதேதான்.

அவர் மாதிரி ஒலிப்பதில் அப்படி என்ன தவறு?

தவறே இல்லை. கற்கும் காலத்தில் எல்லோரும் யாரோ ஒருவர் மாதிரிதான் ஒலிப்பார்கள். பாட்டு என்ன கேட்கிறது என்று காது சொல்வதற்குள் விரல் பழகிய இடத்துக்கு ஓடிவிட்டால், அங்கேதான் சிக்கல். மெதுவான பாட்டில் நாலு பார் (தாளச் சுற்று) காலியாகக் கிடைத்ததும் ஹார்மோனிக்ஸ் (ஸ்ட்ரிங்கை அழுத்தாமல் மெல்லத் தொட்டு எழுப்பும் மணி போன்ற ஒலி) கோர்வை ஒன்று வந்து விழுகிறதா? ஒவ்வொரு வரியும் கீழிருந்து ஸ்லைடு ஆகித்தான் தொடங்குகிறதா? அப்படியானால் நீங்கள் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை, கை தானாக ஓடுகிறது. அந்த ஓட்டத்தை நிறுத்திவைக்கும் திறன் வந்துவிட்டால், அதே ஹார்மோனிக்ஸை வேண்டிய இடத்தில் தைரியமாக வாசிக்கலாம்.

இத்தனை பேரை இவர் ஒருவர் இப்படிப் பிடித்துக்கொள்ளக் காரணம் என்ன?

1976இல் அவருடைய முதல் தனி ஆல்பம் வந்தது. அதே ஆண்டு வெதர் ரிப்போர்ட் என்ற ஜாஸ் குழுவிலும் சேர்ந்தார். அந்த ஆல்பத்தின் தொடக்கத்திலேயே, சாக்ஸபோன்காரர்கள் வாசிக்கும் பீபாப் (வேகமான ஜாஸ் வகை) மெட்டு ஒன்றை காங்கா மேளம் மட்டும் துணையிருக்க பாஸில் வாசித்திருப்பார். ஃபிரெட் நீக்கிய 1962 ஃபெண்டர் ஜாஸ் பாஸ், எபாக்ஸி பிசின் பூசிய ஃபிங்கர்போர்டு, ரோட்டோசவுண்ட் ரவுண்ட்வவுண்ட் (உருண்டைக் கம்பி சுற்றிய) ஸ்ட்ரிங், அக்கூஸ்டிக் 360 ஆம்ப், பிரிட்ஜ் (ஸ்ட்ரிங் முடியும் கீழ்முனை) பக்கத்துப் பிக்அப் (ஸ்ட்ரிங்கின் அதிர்வை வாங்கும் பாகம்) ஆகியவை சேர்ந்து வந்த ஒலி, அரை நொடியில் அடையாளம் தெரிந்துவிடும் ஒலி. 1987இல், 35 வயதில் இறந்தார். அந்த அரை நொடி அடையாளம்தான் வலை. அதைக் கடன் வாங்குவது சுலபம். வாங்கியது மற்றவர்களுக்கும் அரை நொடியில் தெரிந்துவிடும்.

அப்படியானால் அவரைக் கேட்பதையே கொஞ்ச நாள் நிறுத்திவிடலாமா?

வேண்டாம். நிறுத்தியவர்கள் பலரும் அவருக்கு நேர் எதிராக வாசிக்கத் தொடங்குகிறார்கள். அவர் பிரிட்ஜ் பிக்அப் என்றால் இவர்கள் நெக் பிக்அப் மட்டும், அவர் நிறைய வாசித்தார் என்றால் இவர்கள் பாருக்கு ஒரு ஸ்வரம். முடிவை இன்னமும் அவர்தான் எடுக்கிறார்.

எங்கள் அனுபவத்தில் நகல் மாதிரி ஒலிப்பவர்களின் குறை, அரைகுறையாகக் காப்பி அடித்ததுதான். டோனை எடுத்துக்கொண்டார்கள், அந்த டோனைத் தாங்கி நின்ற தாளத்தை விட்டுவிட்டார்கள். முழுதாகக் காப்பி அடித்தால் அவர் எடுத்த ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு காரணம் தெரியவரும். காரணம் தெரிந்த பிறகு, அந்த இடத்தில் உங்கள் முடிவு வேறாக இருக்கலாம் என்பதும் தெரியும்.

முழுதாகக் காப்பி அடிப்பது எப்படி?

16 பார் போதும். முழுப் பாட்டையும் எடுத்தால் கடினமான இடங்களை உங்களை அறியாமலே மழுப்பிவிடுவீர்கள்.

முதல் வாரம் பாஸைத் தொடாதீர்கள். அந்த 16 பாரை 70 சதவீத வேகத்தில் ஓடவிட்டு, கூடவே பாடுங்கள். குரல் நன்றாக இருக்க வேண்டியதில்லை. ஸ்வரம் எங்கே தொடங்கி எங்கே அறுகிறது என்பது சரியாக வந்தால் போதும். இரண்டாம் வாரம் வாசியுங்கள். முதலில் 70 சதவீதம், பிறகு ஐந்து ஐந்தாகக் கூட்டி முழு வேகம். மூன்றாம் வாரம் நீங்கள் வாசித்ததைப் பதிவு செய்து, அசல் இடது காதிலும் உங்களுடையது வலது காதிலும் வரும்படி வைத்துக் கேளுங்கள்.

ஸ்வரங்கள் எல்லாம் சரியாக இருந்தும் ஏதோ ஒட்டாது. அநேகமாக ஸ்வரங்களின் நீளத்தில்தான் வித்தியாசம் இருக்கும். அவர் அறுத்த இடத்தில் நீங்கள் ஓடவிட்டிருப்பீர்கள். அடுத்தது கோஸ்ட் நோட். பதினாறாம் ஸ்வர (ஒரு பீட்டுக்கு நாலு ஸ்வரம்) க்ரூவில், ஒலிக்கும் ஸ்வரங்களுக்கு நடுவே சுருதி இல்லாத ‘டுக்’ சத்தங்கள் நிறைய உண்டு. அவற்றை ஒரே விரலால் அடக்கினால், 5, 7, 12ஆவது ஃபிரெட் இடங்களில் தேவையில்லாத ஹார்மோனிக்ஸ் கிளம்பும். இடது கையின் இரண்டு மூன்று விரல்களைத் தட்டையாகப் படியவைத்தால்தான் சத்தம் சுத்தமாக வரும்.

நாலாம் வாரம் பிரித்துப் போடுங்கள். தாளத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஸ்வரங்களை மாற்றுங்கள். பிறகு ஸ்வரங்களை வைத்துக்கொண்டு தாளத்தை மாற்றுங்கள். எதை மாற்றும்போது ‘ஐயோ, போச்சே’ என்று மனசு அடித்துக்கொள்கிறதோ, அதுதான் உங்களுக்கு அவரிடம் உண்மையிலேயே பிடித்த விஷயம். பலருக்கு அது டோனாக இருப்பதில்லை. இதைக் குறித்து வையுங்கள்.

என் வாசிப்பில் எது அவருடையது, எது என்னுடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இரண்டே கார்ட் உள்ள ஒரு வேம்ப் (திரும்பத் திரும்ப ஓடும் துண்டு), 92 வேகத்தில் (நிமிடத்துக்கு 92 பீட்) ஒரு டிரம் லூப், 10 நிமிடப் பதிவு. திட்டம் எதுவும் வேண்டாம், கை போன போக்கில் வாசியுங்கள். அன்றே கேட்காதீர்கள், மறுநாள் கேளுங்கள். கேட்கும்போது ஒரு தாளில் நேரத்தையும் நடந்ததையும் சுருக்கமாக எழுதுங்கள்: ‘1:12, மேலே ஸ்லைடு’, ‘1:40, ஹார்மோனிக்ஸ் முடிவு’, ‘2:05, பதினாறாம் ஸ்வர ஓட்டம்’.

ஏழெட்டு முறை வரும் பழக்கம் இரண்டு மூன்று கட்டாயம் கிடைக்கும். அதிகம் வரும் மூன்றை மேலே எழுதுங்கள். வாரத்துக்கு ஒன்று வீதம் மூன்று வாரம் அவற்றுக்குத் தடை. தடை போட்ட இடத்தில் கை ஒரு கணம் தயங்கும். அந்தத் தயக்கத்தில் வேறு லிக்கை (பழகிய சிறு வரியை) கொண்டுவந்து அடைக்காதீர்கள். காலியாகவே விடுங்கள். இரண்டு மூன்று நாள் வாசிப்பு மொட்டையாக இருப்பதுபோல் படும், பரவாயில்லை.

அதே தாளில் இன்னொன்றையும் கவனியுங்கள்: யாரிடமும் கற்காத, இரண்டு முறையாவது வந்திருக்கிற ஏதாவது ஒன்று. அது தடுமாற்றம் மாதிரியே தெரியலாம். எப்போதும் நாலாவது பீட்டைக் கொஞ்சம் சீக்கிரம் அறுப்பது, கார்டின் ரூட்டுக்கு (அடிப்படை ஸ்வரத்துக்கு) போகாமல் மூன்றாம் ஸ்வரத்திலேயே உட்கார்ந்துவிடுவது போல. அதைத் திருத்த அவசரப்பட வேண்டாம். ஒரு வாரம் வேண்டுமென்றே செய்து பாருங்கள். பல பேருடைய குரல் இப்படிப்பட்ட இடத்தில்தான் ஒளிந்திருக்கும்.

வலது கையில் என்ன மாற்ற வேண்டும்?

டோனின் பெரும் பகுதி வலது கையில் இருக்கிறது. பாஸை மாற்றுவதற்கு முன் மீட்டும் இடத்தை மாற்றுங்கள்.

ஸ்ட்ரிங்கின் அடிப்படைச் சுருதி நடுப்பகுதியில் அகலமாக அதிர்கிறது, பிரிட்ஜ் அருகே மிகக் குறைவாக. அதனால் பிரிட்ஜ் பிக்அப்பும், அதன் மேலேயே மீட்டும் கையும் சேரும்போது மேல் ஹார்மோனிக்ஸ் தூக்கலாகி, மூக்கால் பாடுவதுபோன்ற அந்த நடுத்தர ஒலி கிடைக்கிறது. ஸ்ட்ரிங் அங்கே விறைப்பாக இருப்பதால் விரல் வேகமாகத் திரும்பும், வேகமான ஓட்டங்கள் சுலபமாக வரும். அதாவது, அந்த இடம் ஒலியை மட்டும் தீர்மானிப்பதில்லை. நீங்கள் எதை வாசிப்பீர்கள் என்பதையும் தீர்மானிக்கிறது. கையை ஃபிங்கர்போர்டு முடியும் இடத்துக்கு நகர்த்துங்கள். ஸ்ட்ரிங் தளர்வாக ஆடும், வேகம் குறையும், ஸ்வரம் உருண்டையாகும். அதே ஆள், அதே பாஸ், ஆனால் கை கேட்கும் வரிகளே வேறு.

செய்ய வேண்டியது: பிரிட்ஜ் பிக்அப் மேல், இரண்டு பிக்அப்புக்கும் நடுவில், ஃபிங்கர்போர்டு முனையில் என மூன்று இடங்களிலும் ஒரே வரியைப் பத்துப் பத்து முறை பதிவு செய்யுங்கள். கண்ணை மூடிக் கேட்டு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒரு மாதம் அதுதான் வீடு, மற்ற இரண்டும் விருந்துக்குப் போகிற இடம்.

இரண்டாவது, விரல். ஜேமர்சன் தன் மோட்டவுன் வரிகளை ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே வாசித்தார். ஸ்டீவ் ஸ்வாலோவும் கரோல் கேயும் பிக் (மீட்டும் சிறு தகடு) வைத்து வாசித்தவர்கள். ஒரு வாரம் ஒற்றை விரலால் வாசித்துப் பாருங்கள். மேல் ஸ்ட்ரிங்கிலிருந்து கீழே இறங்கும்போது அதே விரலை இழுத்துவிடலாம், கீழிருந்து மேலே ஏறும்போது அப்படி முடியாது. வரிகள் தானாகவே இறங்குமுகமாக அமையத் தொடங்கும். எந்தப் புத்தகமும் சொல்லித் தராத மாற்றம் இது.

மூன்றாவது, பலம். கேரி வில்லிஸ் ஸ்ட்ரிங்குக்கு அடியில் ஒரு மரப்பலகை வைத்து, விரல் ஆழமாக இறங்காமல் மென்மையாக மீட்டி, ஒலியளவை ஆம்பில் ஏற்றிக்கொள்வார். அவரும் ஃபிரெட்லெஸ்தான். ஆனால் ஜாக்கோ என்று யாரும் நினைக்கமாட்டார்கள். மீட்டும் பலத்தைப் பாதியாக்கி ஆம்பை ஏற்றிப் பாருங்கள். முதல் நாளே வித்தியாசம் கேட்கும்.

ஒரே ஒரு ஸ்வரத்தில் ‘சொந்தக் குரல்’ இருக்க முடியுமா?

இருக்கும். இங்கேதான் அதிக நேரம் செலவிடச் சொல்வோம்.

மெட்ரோனோமை 60இல் வையுங்கள். ஏ ஸ்ட்ரிங்கில் மூன்றாவது ஃபிரெட் இடம், சி. ஃபிரெட்லெஸ் என்றால் விரலின் நடுப்பகுதி, ஃபிரெட் இருந்திருக்க வேண்டிய கோட்டின் மேலேயே விழ வேண்டும். கோட்டுக்குப் பின்னால் வைத்தால் சுருதி கீழே நிற்கும். நாலு பீட் பிடியுங்கள்.

முதல் சுற்றில் வைப்ரேட்டோவே (விரலை அசைத்துச் சுருதியை ஆட்டுவதே) கிடையாது. இது கசப்பாக இருக்கும், சுருதி தப்பினால் ஒளிய இடமில்லை. ட்யூனரில் பார்க்காமல், பின்னணியில் ஒரு சி ஒலியைத் தொடர்ந்து ஓடவிட்டு, இரண்டும் உரசும் அலை அடங்கும் வரை விரலைச் சரிசெய்யுங்கள். இரண்டாம் சுற்றில் முதல் இரண்டு பீட் நேராக, மூன்றாம் பீட்டில் வைப்ரேட்டோ தொடங்கட்டும், பீட்டுக்கு மூன்று அலை. அடுத்து நாலு அலை. அடுத்து ஐந்து. ஒவ்வொன்றும் வெவ்வேறு ஆள் பாடுவதுபோல் கேட்கும். எந்த ஆளோடு உங்களுக்கு ஒட்டுகிறது என்று பாருங்கள். பலரும் கவனிக்காமலே ஆதர்சக் கலைஞரின் வைப்ரேட்டோ வேகத்தையும் சேர்த்துக் கடன் வாங்கியிருப்பார்கள். வேகத்தை மாற்றினாலே பாதி நிழல் விலகிவிடும்.

பிறகு முடிவு. ஸ்வரத்தை நாலு விதமாக முடிக்கலாம்: இடது விரலைத் தளர்த்தி, வலது விரலால் நிறுத்தி, தானாகத் தேயவிட்டு, கீழே சறுக்கி. நாலையும் வாசித்துப் பாருங்கள். வலது விரலால் நிறுத்தும் முடிவு கதவு சாத்துவதுபோல், இடது விரலைத் தளர்த்துவது மூச்சு விடுவதுபோல். ஸ்வரத்தைத் தொடங்குவதை எல்லோரும் பயிற்சி செய்கிறார்கள், முடிப்பதை யாரும் செய்வதில்லை. தினமும் 10 நிமிடம், ஒரு மாதம்.

ஃபிரெட்லெஸ்ஸை விட்டுவிட்டு ஃபிரெட் பாஸுக்குப் போக வேண்டுமா?

கட்டாயமில்லை. போனாலும் நல்லதுதான். 1982இல் ஜாக்கோவுக்குப் பிறகு வெதர் ரிப்போர்ட்டில் வந்த விக்டர் பெய்லி பெரும்பாலும் ஃபிரெட் உள்ள பாஸிலேயே தன் இடத்தைப் பிடித்தார். அந்த நாற்காலியில் உட்கார்ந்து அப்படிச் செய்ய நெஞ்சுரம் வேண்டும்.

பீனோ பல்லடினோ இன்னொரு வழி. 1980களில் ஃபிரெட்லெஸ் மியூசிக் மேன் ஸ்டிங்ரே, ஆக்டேவ் பெடல் என்று தனி அடையாளத்தோடு இருந்தார். பிறகு பிரிசிஷன் பாஸ், ஃப்ளாட்வவுண்ட் (தட்டைக் கம்பி சுற்றிய) ஸ்ட்ரிங் என்று மாறி, பீட்டுக்குப் பின்னால் சாய்ந்து வாசிக்கும் வேறொரு ஆளாக 2000 வாக்கில் வந்து நின்றார். ஒரே ஆளுக்கு இரண்டு குரல் இருக்கலாம்.

ஸ்ட்ரிங், செட்டப் மாற்றினால் உதவுமா?

கொஞ்சம். ஃபிரெட்லெஸ்ஸில் அந்த ‘ம்வா’ என்ற ஒலி, ஸ்ட்ரிங் ஃபிங்கர்போர்டோடு மெல்ல உரசி அதிர்வதால் வருவது. 12ஆவது ஃபிரெட் இடத்தில் ஜி ஸ்ட்ரிங் சுமார் 1.5 மி.மீ., ஈ ஸ்ட்ரிங் 2 மி.மீ. உயரத்தில், கழுத்து வளைவு மிகக் குறைவாக இருந்தால் ‘ம்வா’ தாராளமாக வரும். ஸ்ட்ரிங்கை அரை மி.மீ. தூக்கினால் அது அடங்கி, ஸ்வரத்தின் தொடக்கம் தடிமனாகும். ஃப்ளாட்வவுண்ட் போட்டால் மேல் ஒலி இன்னும் குறையும், ஃபிங்கர்போர்டும் தேயாது. ரவுண்ட்வவுண்ட் எபாக்ஸி இல்லாத மரத்தில் பள்ளம் போட்டுவிடும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஸ்ட்ரிங், உயரம், பிக்அப் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும். ஜாஸ் பாஸில் பிரிட்ஜ் பிக்அப்பை மட்டும் வைத்துப் பழகியவர்கள் நெக் பிக்அப்பை முழுதாகத் திறந்து பாருங்கள். நடு ஒலி குழியும், சிங்கிள் காயில் பிக்அப்பின் இரைச்சலும் அடங்கும். அது பிடிக்கவில்லை என்றால் நெக்கைப் பாதிக்கு இறக்குங்கள்.

கோரஸ், டிலே பெடல்?

இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். கோரஸ் போட்ட ஃபிரெட்லெஸ் யார் வாசித்தாலும் ஒரே மாதிரிதான் இருக்கும், சுருதிப் பிழையையும் மறைத்துவிடும்.

எனக்குள் புது யோசனையே வரவில்லை. விரல் பழைய இடத்துக்கே போகிறது.

விரலை விட்டுவிட்டுத் தொண்டையிடம் கேளுங்கள். கார்ட்களை ஓடவிட்டு, பாஸ் கையில் இல்லாமல், 8 பார் பாடிப் பதிவு செய்யுங்கள். வசதியான எந்த ஆக்டேவிலும் பாடலாம். பிறகு அதைப் பாஸில் அப்படியே எடுங்கள். மூச்சு வாங்கிய இடத்தில் பாஸும் நிற்க வேண்டும். சுருதி லேசாகத் தொய்ந்த இடத்தில் பாஸும் தொய்ய வேண்டும். தொண்டைக்கு ஜாக்கோவின் லிக்குகள் தெரியாது, 32 ஸ்வரத்தை ஒரே மூச்சில் பாடவும் முடியாது. வருவதெல்லாம் உங்கள் பேச்சின் நீளமும் ஏற்ற இறக்கமும் கொண்ட வரிகளாகத்தான் இருக்கும்.

முதலில் குழந்தைப் பாட்டு மாதிரி வரும். இருபது முப்பது பதிவுக்குப் பிறகு நிலைமை மாறும். பாடும்போதே ஃபிங்கர்போர்டு மனசில் தெரிந்தால் ஏமாற்றுகிறீர்கள் என்று அர்த்தம். வாத்தியம் இல்லாமல் நடந்துகொண்டே பாடிப் பதிவு செய்யுங்கள்.

வேறு யாரைக் கேட்க வேண்டும்?

முதலில், அவர் கேட்டவர்களை. ஜேமர்சன், ஜெர்ரி ஜெமாட், சார்லி பார்க்கர், ஃபிராங்க் சினாட்ரா, கரீபியன் தாளங்கள். அவர்களிடமிருந்து அவர் எதை எடுத்தார், எதை விட்டார் என்று பார்த்தால், அவர் விட்டது இன்னும் அங்கேயே கிடக்கிறது. நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து, அவரோடு சம்பந்தமே இல்லாத ஒரு பாஸிஸ்ட். சார்லி ஹேடன் நல்ல மருந்து: நின்று வாசிக்கும் அக்கூஸ்டிக் பாஸ், கீழ்ச் சுருதிகள், குறைந்த ஸ்வரங்கள், ஒவ்வொன்றிலும் கனம்.

மூன்றாவதாக, பாஸ் அல்லாத வாத்தியம். டிராம்போன், செல்லோ, பாடகர், யாராக இருந்தாலும் சரி. மாதத்துக்கு 8 பார் எடுத்து எழுதுங்கள். சாக்ஸபோன் வரியைப் பாஸுக்குக் கொண்டுவந்துதானே அவரும் தொடங்கினார்.

செயற்கை ஹார்மோனிக்ஸ் எனக்கு நிஜமாகவே பிடிக்கும். அதையும் விட வேண்டுமா?

விட வேண்டாம். அதைச் சரியாகக் கற்றுக்கொண்டு இடத்தை மாற்றுங்கள். ஜி ஸ்ட்ரிங் இரண்டாவது ஃபிரெட்டில் ஏ-வை அழுத்தி, வலது கட்டை விரலின் ஓரத்தை சரியாக 12 ஃபிரெட் தள்ளி, அதாவது 14இல், மெல்லத் தொட்டு, ஆள்காட்டி விரலால் பிரிட்ஜ் பக்கம் மீட்டினால் ஒரு ஆக்டேவ் மேலே ஏ கேட்கும். மந்தமாக வந்தால் கட்டை விரல் கோட்டில் இல்லை, அல்லது அழுத்துகிறீர்கள். இடது கை நகர்ந்த அளவே வலது கையும் நகர வேண்டும்.

அவர் இதைத் தனி வாசிப்பின் அலங்காரமாகவும் மெட்டாகவும் கொண்டுபோனார். நீங்கள் பாடகருக்குப் பின்னால், மிகச் சின்ன ஒலியில், ஒரு கார்டின் மூன்றாம் ஸ்வரத்தை மட்டும் வைத்துப் பாருங்கள். அதே நுட்பம், வேறு வேலை.

பேண்டில் உள்ளவர்கள் ‘ஜாக்கோ மாதிரி வாசி’ என்கிறார்கள். என்ன செய்வது?

என்ன வேண்டும் என்று ஒரு கேள்வி கேளுங்கள். அவர்கள் பெரும்பாலும் கேட்பது பாடும் தன்மையுள்ள ஒரு ஃபிரெட்லெஸ் ஒலி, அல்லது சுறுசுறுப்பான பதினாறாம் ஸ்வர க்ரூவ். அந்தத் தேவையை உங்கள் கையால் தீர்த்துவிட்டால் யாரும் குறை சொல்வதில்லை. பதிவு ஒன்றுக்காக அச்சு அசலாகக் கேட்டால் அச்சு அசலாகக் கொடுங்கள். அது தொழில், அதில் அவமானம் இல்லை.

டிரம்மரோடு மட்டும் தனியாக உட்காருங்கள். 90 வேகத்தில் ஒரு பதினாறாம் ஸ்வரம் 167 மில்லி செகண்ட். உங்கள் ஸ்வரங்கள் கிக் டிரம்முக்கு முன்னா, பின்னா, எவ்வளவு என்று பதிவின் அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். 15 மில்லி செகண்ட் பின்னால் இருப்பது குற்றம் இல்லை, எல்லா இடத்திலும் அதே அளவு பின்னால் இருந்தால் அது உங்கள் நடை. ஒரு இடத்தில் 5, இன்னொரு இடத்தில் 30 என்றால் பயிற்சி தேவை. ஸோலோவை விட்டுவிட்டுக் கேட்டாலும் ஆளைக் காட்டிக்கொடுப்பது இந்த இடைவெளிதான்.

எவ்வளவு காலம் ஆகும்?

மேலே சொன்ன காப்பி வேலைக்கு நாலு வாரம், தடைகளுக்கு மூன்று வாரம், ஒற்றை ஸ்வரத்துக்கு ஒரு மாதம். அதற்கு மேல் கணக்குச் சொல்ல முடியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே 10 நிமிட வேம்பை அதே 92 வேகத்தில் பதிவு செய்து, பழைய தாளைப் பார்க்காமல் புதிய தாளில் எழுதுங்கள். பிறகு இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். ‘மேலே ஸ்லைடு’ என்ற குறிப்பு எட்டிலிருந்து மூன்றாகக் குறைந்திருக்கும். அந்த மூன்றையும் திரும்பக் கேளுங்கள். வேண்டுமென்றே வாசித்தவையா, தப்பி வந்தவையா என்பது கேட்ட உடனே உங்களுக்குத் தெரியும்.